வேஷம் கட்டியவர் பெயர்

மரைக்காராகப் பேசியவர் முஸ்லிம் அல்லர், அவர் எஸ். ராம்தாஸ். ஐயராகப் பேசியவர் பிராமணர் அல்லர், அவர் பி. எச். அப்துல் ஹமீட். சிங்களம் கலந்த தமிழில் உபாலியாக வந்த எஸ். செல்வசேகரன் தமிழர். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அப்புக்குட்டியாக வந்தவர் டி. ராஜகோபால். 1970களில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் வாராவாரம் வந்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற நகைச்சுவைத் தொடரின் நால்வர் இவர்கள். தொடரை எழுதியவரும் ராம்தாஸ்தான்.

நால்வரின் பெயர்களும் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் அன்று வீட்டுப் பெயர்கள். அதிலும் மூவருக்குச் சொந்தப் பெயர்களைவிட வேஷத்தின் பெயர்களே நிலைத்தன. கடைசிவரை அவர் ‘மரைக்கார் ராம்தாஸ்’. இவர் ‘உபாலி செல்வசேகரன்’. மற்றவர் ‘அப்புக்குட்டி ராஜகோபால்’. சொந்தப் பெயருக்கு முன்னால் வேஷம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பட்டத்தை யாரும் மேடை போட்டுச் சூட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்த மக்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டே ஒட்டவைத்துவிட்டார்கள்.

பதுளைக்குப் போகும் ரயில் பாதையில் எல்ல நிலையத்தில் இறங்குகிற பயணிகள் இன்று ஒன்பது வளைவுப் பாலத்தைத் தேடிப் போகிறார்கள். 1921இல் கட்டி முடித்த பாலம் அது. அதன் மேல் போன தண்டவாளம் 1924இல் பதுளையைத் தொட்டது. பாலத்தின் இரு பக்கமும் தேயிலை, தேயிலைக்கு நடுவே தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். 1970களில் அந்த லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. ஒரு வரிசைக் காம்பராக்களுக்கு ஒன்றோ இரண்டோ ரேடியோப் பெட்டி இருக்கும். அதுவும் பேட்டரியில் ஓடுவது. பேட்டரி இறங்கிவிட்டால் கூரைத் தகரத்தின் மேல் வெயிலில் காய வைத்து, மேலும் சில நாள் ஓட்டுவார்கள். நாடகம் வரும் நேரத்துக்காகப் பாட்டு நேரத்தில் பெட்டியை மூடி வைத்துச் சேமிப்பதும் உண்டு. அந்த நேரம் வந்ததும் பெட்டி இஸ்தோப்பு என்ற முன்திண்ணைக்கு வரும். சுற்றி ஆள் கூடும்.

அது சிரிப்பதற்குத் தோதான காலமும் அல்ல. 1973, 1974ஆம் ஆண்டுகள் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் பட்டினியின் ஆண்டுகள். பங்கீட்டு அரிசியும் மாவும் சுருங்கின. தோட்டங்களில் வேலை நாள்கள் குறைந்தன. பலர் லயத்தை விட்டு நகரத்துக்கு வந்து கையேந்தினார்கள், மாண்டவர்களும் உண்டு. அந்தப் பசிக்கு நடுவேதான் உபாலியும் அப்புக்குட்டியும் வாராவாரம் சண்டை பிடித்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் அந்தத் தொடர் மீது மக்கள் வைத்திருந்த பிடிப்பை அளக்க முடியாது. வாழ்க்கையில் எதுவும் சொன்னபடி வராத காலத்தில், ஒரு குரல் மட்டும் சொன்ன நேரத்தில், சொன்ன குணத்தோடு வந்தது.

வானொலியில் குரல்தான் முகம். நால்வருக்கும் நான்கு தமிழ். மரைக்காரின் தமிழில் முஸ்லிம் மக்களின் பேச்சுச் சொற்கள். ஐயரின் தமிழில் அக்கிரகாரம். உபாலியின் தமிழில் சிங்களத்து ஒலி. அப்புக்குட்டியின் தமிழில் யாழ்ப்பாணம். ஒருவர் வாயைத் திறந்த மறுகணம் யார் பேசுகிறார் என்று அடுப்படியில் இருக்கும் பெண்ணுக்கும் தெரிந்துவிடும். ஆகவே இந்த வகை நாடகத்தில் குணம் பிசகுவதற்கு முன்னால் பேச்சுத்தான் பிசகும். ஒரு வாரம் அப்புக்குட்டி தன் ஊர்த் தமிழைக் கோட்டை விட்டால், அன்றைக்கு அங்கே அப்புக்குட்டியே இல்லை. எழுதியவருக்கும் நடித்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. கதை எங்கே போனாலும் நான்கு நாக்குகளையும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

வேஷத்தின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டதற்கு இலங்கைத் தமிழ் நாடக உலகில் வேறு சாட்சிகளும் உண்டு. வரணியூரான் எஸ். எஸ். கணேசபிள்ளை எழுதிய ‘முகத்தார் வீடு’ வானொலித் தொடரில் நடித்த ஜேசுரட்ணம், ‘முகத்தார் ஜேசுரட்ணம்’ ஆனார். கே. எஸ். பாலச்சந்திரன் பஸ் நடத்துனராக வந்து கலக்கிய தனிநடிப்பு ‘அண்ணை றைற்’. அவர் டொரண்டோவுக்குக் குடிபெயர்ந்து 2014இல் காலமாகும்வரை அந்த இரண்டு சொல்லும் அவரை விட்டு விலகவில்லை.

ஆளையும் வேஷத்தையும் ஒட்டிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைத் தோட்டத்து மக்கள் வானொலியிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று சொல்வது பிழை. வானொலிப் பெட்டி லயத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அவர்களிடம் ஒரு தொடர் இருந்தது. வருஷா வருஷம் அதே கதை, அதே பாத்திரங்கள், முடிந்தவரை அதே ஆட்கள். அதன் பெயர் காமன் கூத்து.

சேலம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் பின்னால் கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் வந்தவர்கள், மூட்டையில் கொண்டு வந்த பொருள் சொற்பம். தலையில் கொண்டு வந்தது அதிகம். அர்ச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும், காமன் கூத்தும் அப்படித்தான் மலையேறின. மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் தேடித் தொகுத்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் இவற்றைக் கலை என்று பேசத் தொடங்கியது. தோட்டத்தில் அது திருவிழாவாகவும் நேர்த்திக்கடனாகவும் இருந்தது.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை பார்த்ததும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமிவரை தோட்டம் இரவில் தூங்காது. பகலில் கொழுந்து பறித்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், இராத்திரியில் தப்புச் சத்தத்துக்குப் பின்னால் லயம் லயமாகப் போவார்கள். ரதியும் மதனும் ஆடிக்கொண்டு வருவார்கள். தோட்டமே பெண் வீடும் மாப்பிள்ளை வீடுமாகப் பிரிந்து கல்யாணம் நடத்தும். சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மதனை அனுப்புவார்கள். கெட்ட கனவு கண்ட ரதி, போக வேண்டாம் என்று மன்றாடுவாள். மதன் கேட்க மாட்டான். பௌர்ணமி இரவில் நெற்றிக் கண் திறக்கும், அவன் எரிவான். பிறகு ரதியின் புலம்பலுக்கு மனம் இரங்கி அவன் எழுப்பப்படுவான்.

ரதி வேஷம் கட்டுபவர் ஆண். கம்பம் ஊன்றிய நாளிலிருந்து அவரும் மதனாக வருபவரும் விரதம் இருக்க வேண்டும். மச்சம் மாமிசம் கிடையாது, குடி கிடையாது. இந்த விதியில்தான் ‘பாத்திரப் பொருத்தம்’ என்ற விஷயத்தைத் தோட்டத்து மக்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. வேஷத்துக்கு ஏற்ற முகம் இருந்தால் மட்டும் போதாது. வேஷத்துக்கு வெளியே அந்த ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் வேஷத்தின் பகுதி. மதனாக ஆடுபவர் பகலில் கள்ளுக்கடைப் பக்கம் தலை காட்டினால் அது தனிமனிதக் குற்றமாக நிற்காது. கூத்துக்கே தீட்டு.

நேர்த்தி வைத்து ஆடுபவர்கள் ஒரு வருஷத்தோடு நிறுத்துவதில்லை. தொடர்ந்து பல மாசிகள் அதே வேஷத்தைக் கட்டுவார்கள். அப்படி ஆடும்போது பார்ப்பவர்களின் கண்ணும் பழகிவிடுகிறது. நடை இன்னபடி, கை வீச்சு இன்னபடி, அழும்போது குரல் இந்த இடத்தில் உடைய வேண்டும் என்று லயத்துக் கிழவிகளின் மனதில் ஓர் ஏடே எழுதப்பட்டுவிடும். புதிதாக ஒருவர் ரதி கட்டினால் முதல் இரவிலேயே தீர்ப்பு வரும். அவர் அழகாக இருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. ‘ரதி நட வரல்ல’ என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். பாட்டில் ஓர் அடி தவறினால் கூட்டத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள். கதையைக் கூத்து மாஸ்டர் எவ்வளவு அறிவாரோ அவ்வளவு பார்வையாளரும் அறிவார். அப்படிப்பட்டவர்கள் முன்னால் ஆடுவது இலேசான காரியம் அல்ல.

கதை பிசகக் கூடாது என்ற பிடிவாதத்துக்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. மராட்டியர் ஆண்ட தஞ்சை மண்ணில் வேரூன்றிய லாவணியில், காமன் பண்டிகைக் காலத்தில் இரண்டு கட்சிகள் எதிரெதிரே உட்காரும். ஒன்று எரிந்த கட்சி. மற்றது எரியாத கட்சி. மன்மதன் எரிந்து சாம்பலானான் என்று ஒரு கட்சி பாடும். அவன் எரியவே இல்லை என்று மற்றது டேப் அடித்து மறுக்கும். விடிய விடியக் கேள்வியும் பதிலும் பறக்கும். ஒரு பாத்திரத்துக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்று இரண்டு அணி கட்டிக்கொண்டு, புராணச் சான்று காட்டி, மக்கள் முன்னிலையில் இரவெல்லாம் வாதாடிய சமூகம் இது. இன்றைய தொடர் ரசிகர்களின் சண்டையைப் பார்த்துச் சிறுபிள்ளைத்தனம் என்று முகம் சுளிப்பவர்கள், அந்த லாவணிப் பந்தலில் ஓர் இரவு உட்கார்ந்திருக்க வேண்டும்.

காமன் கூத்தில் ஆட்கள் மாறியதற்கு முதுமையும் சாவும் மட்டும் காரணமாக இருக்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று தலை எண்ணிப் பிரித்தது. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. பதுளையிலும் பண்டாரவளையிலும் ரயில் ஏறியவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பலர் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள்.

ஒரு லயத்தில் பாதிக் குடும்பங்கள் கப்பலேறினால் கூத்துக்கு என்ன ஆகும்? மதன் இங்கே, ரதி அங்கே. தப்பு அடிப்பவர் போய்விட்டார், பாட்டை முழுக்க அறிந்த மாஸ்டரின் பெயர் அடுத்த பட்டியலில் இருக்கிறது. ஒரு தொடரில் நடிகர் விலகினால் ரசிகர் மனம் ஏன் அப்படிக் கொதிக்கிறது என்று கேட்கலாம்; மலையகத்தில் அந்தக் கேள்வியின் கனம் வேறு. இங்கே வேஷக்காரர் மாறியது தயாரிப்பாளரோடு வந்த சம்பளத் தகராறால் அல்ல. இரண்டு தலைநகரங்களில் போட்ட கையெழுத்தால். ஆகவே பழைய ரதியைப் பற்றிக் கிழவிகள் பேசும்போது, அது வெறும் ஒப்பிடுதலாக இருக்கவில்லை. போனவர்களை நினைத்துக்கொள்ள அவர்களுக்கு வாய்த்த ஒரு வழியாகவும் இருந்தது.

மறுபடி அந்த நால்வரிடம் வருவோம். மரைக்கார், ஐயர், உபாலி, அப்புக்குட்டி: இலங்கைத் தமிழின் நான்கு பேச்சுகளை ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தது ராம்தாஸின் பெரிய சாதனை. ஆனால் இந்த நால்வரில் தோட்டத்து ஆள் இல்லை. தொடரை ஆசை ஆசையாகக் கேட்ட பெருங்கூட்டத்தில் ஒரு பங்கு மலையக மக்கள். அவர்களின் தமிழுக்கு அந்த வீட்டில் நிரந்தர நாற்காலி கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக் கொழும்பு, யாழ்ப்பாண நாடகங்களில் மலையகத் தமிழ் பேசும் பாத்திரம் வந்தால் அவர் பெரும்பாலும் வீட்டு வேலைக்காரராகத்தான் வருவார். அந்த வேஷத்தைக் கட்டுபவருக்கு ‘தொர’, ‘ஏங்க’ என்று நாலு சொல் தெரிந்தால் போதும் என்ற எண்ணமும் இருந்தது. பதுளையின் பேச்சும் அட்டனின் பேச்சும் ஒன்றல்ல என்பதெல்லாம் யாருக்கும் உறைக்கவில்லை. காமன் பொட்டலில் ரதியின் ஒரு நடை பிசகினாலும் கண்டுபிடிக்கிற மக்கள், தங்கள் பேச்சையே பிசகாகப் பேசும் பாத்திரத்தைக் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தொடரின் வரலாற்றை எழுதுபவர்கள் அந்த மௌனத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

அந்தக் குறையைத் தொட்டுப் பார்த்த முயற்சிகளில் ஒன்று 1975இல் வந்த ‘புதிய காற்று’. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த படம். தேயிலைத் தோட்டத்து மக்களைக் கதையின் நடுவில் வைத்தது. தோட்டத் தொழிலாளியாகத் திரையில் வருபவரைத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்காரராகவும் அறிந்திருந்த மக்களுக்கு, பாத்திரமும் ஆளும் ஒன்றோடொன்று பொருந்திய அரிய சந்தர்ப்பம் அது.

அடுத்த ஆண்டு, 1976இல், வானொலி நால்வர் திரைக்கு வந்தார்கள். ‘கோமாளிகள்’ என்ற படத்தை எஸ். ராமநாதன் இயக்கினார், கதை வசனம் ராம்தாஸ். குரலை மட்டும் கேட்டுப் பழகிய மக்கள் ஆளாளுக்கு மனதில் ஒரு முகம் வரைந்து வைத்திருப்பார்கள். ஒருவருக்கு மரைக்கார் பருத்தவர், இன்னொருவருக்கு ஒல்லி. வானொலி நாடகம் படமாகும்போது வருகிற பெரிய ஆபத்து இது. படக்குழு செய்த சரியான காரியம், முகத்துக்காக வேறு நடிகர்களைத் தேடாதது. வானொலியில் பேசிய அதே நால்வர்தான் திரையிலும். மக்கள் மனதில் இருந்த முகங்கள் உடைந்திருக்கலாம், குரல் உடையவில்லை. படம் இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கு அரிதாகவே வாய்த்த வெற்றியைப் பெற்றது.

ஒரு சமூகத்தின் குரலை இன்னொரு சமூகத்தவர் பேசுவதில் வேறு ஓர் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் 1928இல் சிக்காகோ வானொலியில் தொடங்கிய ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ என்ற நகைச்சுவைத் தொடரில் இரண்டு கறுப்பினப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தவர்கள் ஃபிரீமன் கோஸ்டன், சார்ல்ஸ் கொரல் என்ற இரு வெள்ளையர்கள். 1951இல் அது தொலைக்காட்சிக்குப் போனபோது வெள்ளையர் முகத்தைக் காட்ட முடியாது. கறுப்பின நடிகர்களைப் போட்டார்கள். அப்போதும் பாத்திரங்கள் தங்களைக் கேவலப்படுத்துகின்றன என்று கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. 1953இல் புதிய பகுதிகள் நின்றன.

‘கோமாளிகளின் கும்மாள’த்தை இதோடு ஒன்றாக வைக்க முடியாது. அங்கே ஆளும் கூட்டம் அடக்கப்பட்ட கூட்டத்தின் வாயைப் பேசியது. இங்கே ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டுப் பேச்சைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். முஸ்லிமான ஹமீட் ஐயரானார். ராம்தாஸ் மரைக்கார் ஆனார். அடுத்தவர் பேச்சை இரவலாக வாங்கியவர் அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கவனம் அதில் இருந்தது. மரைக்கார் என்ற பெயரோடு ராம்தாஸை முஸ்லிம் மக்களும் வாரி அணைத்துக்கொண்டார்கள் என்பதே போதுமான சான்று. ஆனால் 1983 ஜூலை இனக் கலவரத்தில், 27ஆம் திகதி, பதுளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதன் பின் உபாலியையும் அப்புக்குட்டியையும் ஒரே வீட்டில் உட்கார வைத்துச் செல்லச் சண்டை எழுதுவது எவருக்கும் எளிதாக இருந்திருக்காது. ராம்தாஸ் 2016இல் சென்னையில் காலமானார். இரங்கல் எழுதியவர்கள் எல்லோருக்கும் அப்போதும் அவர் மரைக்கார்தான்.

நீண்ட தொடரில் ஒரு பாத்திரம் சாகும்போது கேட்பவர் வீட்டில் சாவு விழுகிறது என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு நாள் புகழ்பெற்றது. 1951 முதல் நாடெங்கும் ஒலிபரப்பாகிவரும் பிபிசியின் ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற கிராமத்துத் தொடரில், 1955 செப்டம்பர் 22ஆம் திகதி கிரேஸ் ஆர்ச்சர் என்ற இளம் மனைவி குதிரை லாயத் தீயில் சிக்கி இறந்தாள். அன்றுதான் நாட்டின் முதல் வணிகத் தொலைக்காட்சி தொடங்கியது. நேயர்கள் அழுது தொலைபேசினார்கள், மலர்கள் அனுப்பினார்கள். அவள் கணவன் ஃபில்லாகப் பேசிய நோர்மன் பெயின்டிங், தொடக்கத்திலிருந்து 2009இல் தாம் சாகும்வரை அதே பாத்திரத்தைப் பேசினார். ஏறத்தாழ 60 ஆண்டு, ஒரே வேஷம். மாசி தவறாமல் ரதி கட்டிய மலையகத்துக் கிழவர்களுக்கு இந்த மனிதரைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

சினிமாவிலும் இதே சட்டம்தான் ஓடியது. 1917இல் கண்டிப் பக்கம் பிறந்த எம்.ஜி.ஆர். மலையகத்துக்கு வீட்டுப் பிள்ளை. திரையில் அவர் குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார் என்பதை ரசிகர்கள் ஒப்பந்தம்போல வைத்திருந்தார்கள். 1962இல் வந்த ‘பாசம்’ படத்தின் முடிவில் அவர் இறந்தார். ரசிகர்களால் அதைத் தாங்க முடியவில்லை; படம் எடுபடவில்லை. ஆனால் 1956இல் ‘மதுரை வீரன்’ படத்தில் அவர் கைகால் வெட்டுண்டு மாண்டபோது தமிழகமே கொண்டாடியது. இந்த முரணுக்கு விடை தோட்டத்து மாமரத்தடியில் இருக்கிறது. அங்கே மாடசாமி, முனியாண்டியோடு மதுரை வீரனும் கல்லாக நிற்கிறார். மதுரை வீரன் வெட்டுப்பட்டால்தான் சாமி. அது கதை; எல்லோரும் அறிந்த கதை. ‘பாசம்’ படத்து நாயகனுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. காமன் எரிவதைப் பொறுத்துக்கொள்ளும் மக்கள், அவன் எழும்புவான் என்று தெரிந்துதான் பொறுத்துக்கொள்கிறார்கள்.

1982இல் ரூபவாஹினித் தொலைக்காட்சி வந்தது. லயத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. கார் பேட்டரியில் ஓட்டிய வீடுகளும் உண்டு. தமிழுக்கு ஒதுக்கிய நேரம் கொஞ்சம் என்பதால் தோட்டத்து மக்கள் சிங்கள நாடகங்களையும் பார்த்துப் பழகினார்கள். 1987இல் ஐ.டி.என். அலைவரிசையில் தொடங்கிய ‘கோப்பி கடே’ என்ற கிராமத்துத் தேநீர்க்கடை நாடகம் முப்பத்தைந்து ஆண்டைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு நீண்ட தொடரில் நடிகர்கள் முதுமையடைவதும் இறப்பதும் தவிர்க்க முடியாதவை. ஆனாலும் கடை மூடப்படவில்லை. அதற்கு முன்பே சிங்கள வானொலியில் அனஸ்லி டயஸ், பேர்ட்டி குணதிலக்க, சாமுவேல் ரொட்ரிகோ என்ற மூவர் ‘விநோத சமய’ நிகழ்ச்சியில் ஒரு நாட்டையே சிரிக்க வைத்திருந்தார்கள். எல்ல சந்தியில் சாமான் வாங்க வந்த கிராமத்துச் சிங்களவருக்கும் தோட்டத்துத் தமிழருக்கும் இந்தக் குரல்கள் பொதுச் சொத்து.

பிறகு லயத்துக் கூரைகளில் டிஷ் அண்டனாக்கள் முளைத்தன. சென்னை நேரடியாக வந்திறங்கியது. ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ என்று மாலை நேரம் நிரம்பியது. ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ நகைச்சுவைத் தொடரில் பட்டாபியாக வந்த எம். எஸ். பாஸ்கர் எத்தனையோ படங்களில் நடித்த பிறகும் பலருக்குப் பட்டாபியாகவே இருக்கிறார். அதே காலத்தில்தான் தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் ஓர் அறிவிப்பு பழக்கமானது: ‘இவருக்குப் பதில் இவர்’. நேற்றுவரை மருமகளாக இருந்தவர் இன்று வேறு முகம். கணவனும் மாமியாரும் எதுவும் நடக்காததுபோல அதே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கதையில் எல்லோரும் அந்தப் புது முகத்தை ஏற்றுக்கொண்டாலும், பார்த்துக்கொண்டிருக்கும் பெண் ஏற்றுக்கொள்வதில்லை. பழையவரின் சிரிப்பு, சேலை கட்டும் விதம், கோபத்தில் ஏறும் குரல் எல்லாம் அடுத்த நாள் மலையில் கொழுந்து பறிக்க நிரை பிடிக்கும்போது பேச்சாகும். அந்தப் பேச்சு வாராவாரம் தொடரும். புதியவர் தன் நடையை நிரூபிக்கும்வரை விட மாட்டார்கள்.

இதே பெண்களின் பாட்டிமார்தான் காமன் பொட்டலில் முன்வரிசையில் குந்தியிருந்து, புது ரதியின் முதல் அடியை உற்றுப் பார்த்தவர்கள். தாங்கள் எந்த நாட்டுப் பிரஜை என்பதைத் தீர்மானிக்க நெடுங்காலம் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. வாக்கு இருக்கவில்லை, குடியிருந்த காம்பராவும் அவர்களுடையதாக இருக்கவில்லை. யார் ரதி என்று சொல்லும் உரிமை மட்டும் அவர்களிடம் இருந்தது. அதை எந்தக் காலத்திலும் அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

காமன் கூத்து இன்று பல தோட்டங்களில் நின்றுவிட்டது. ஆள் இல்லை என்பது முதல் காரணம். இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறார்கள். சிலர் மத்திய கிழக்கில். கூத்து இன்னும் உயிரோடிருக்கும் தோட்டங்களில், மாசி நெருங்கும்போது மாஸ்டரின் கைபேசி ஓயாது. போன வருஷம் ரதி கட்டிய பையனுக்கு முதலாளி லீவு கொடுத்தாரா, மதனுக்குக் குரல் கட்டியிருக்கிறதா, சிவன் வருவாரா என்று விசாரணை நடக்கும். கிடைத்த லீவுக்குள் அவர்கள் பொடி மெனிக்கேயிலோ உடரட்ட மெனிக்கேயிலோ ஏறி, உல்லாசப் பயணிகளுக்கு நடுவே நின்றுகொண்டே மலைக்கு வருவார்கள். எல்லவில் பயணிகள் இறங்கியதும் பெட்டி காலியாகும். பாலம் தாண்டி, தெமோதரை வளையம் தாண்டி ரயில் இறங்கும்போது, பையில் சலங்கை வைத்திருக்கும் பையன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வான். ராத்திரிக்கு மீசையை எடுக்க வேண்டும்.